மூன்றரை ஆம்பியர்

7621 எண் வண்டி மூன்றாவது தடவையாகத் தவமணியின் பட்டறை வாசலில் வந்து நின்றது. பின்னாலேயே பைக்கில் வந்த யார்டு மேனேஜர் லோகநாதன், இறங்காமல் ஒரு காலை மட்டும் தரையில் ஊன்றிக்கொண்டு கேட்டார்.

"ஏம்மா தவமணி, இந்த வண்டிக்கு நீ வைத்தியம் பாக்கறயா, இல்ல வண்டி உன்னைய வச்சு வேடிக்கை பாக்குதா?"

"ரெண்டுந்தானுங்க சார்" என்றாள் தவமணி. சிரிக்கத்தான் பார்த்தாள். வரவில்லை.

நாமக்கல் சேலம் ரோட்டில் பதினாறு வருடமாக லாரிகளுக்கு வயரிங் பார்க்கிறவள் அவள். அதற்கு முன் ஆர்மேச்சர் கடையில் சுருள் சுற்றிக்கொண்டிருந்தாள். எந்த வண்டியில் எந்த மூலையில் கரண்ட் ஒழுகினாலும் இரண்டு மணி நேரத்தில் கையை வைத்துக் காட்டிவிடுவாள் என்று பேர். அந்தப் பேருக்குத்தான் இந்த வண்டி வேட்டு வைத்துக்கொண்டிருந்தது.

குறை ஒன்றும் பெரிதில்லை. லாரிகளுக்கு இப்போது இரண்டு பேட்டரி. முதல் பேட்டரியின் வேலை எஞ்சினை எழுப்புவது மட்டும். வேறு எதற்கும் அதைத் தொடக்கூடாது. கேபினில் இருக்கிற விசிறி, விளக்கு, வழிகாட்டித் திரை எல்லாம் இரண்டாவது பேட்டரியின் சோற்றைத்தான் சாப்பிட வேண்டும். டிரைவர்கள் கண்ணயர்ந்தால் எழுப்பிவிடும் பட்டையை எல்லோரும் இடுப்பில் கட்டியாக வேண்டும் என்று சட்டம் வந்த பிறகுதான் பெரிய வண்டிகளுக்கெல்லாம் இரண்டு பேட்டரி கட்டாயமானது. அந்தப் பட்டைக்கு வயர் இல்லாமலே சார்ஜ் ஏற, டிரைவர் சீட்டுக்குள் ஒரு சுருளும் பின்னால் படுக்கிற பலகைக்குள் ஒரு சுருளும் வைத்திருப்பார்கள்.

7621 எங்கேயாவது ஒரு நாள் லோடுக்குக் காத்து நின்றால் போதும், இரண்டாவது பேட்டரி வற்றிப்போய்விடும். பேட்டரியை மாற்றினாள். ஆல்டர்னேட்டரைப் பார்த்தாள். எர்த் வயரைக் கழற்றிச் சுரண்டித் திரும்ப மாட்டினாள். பட்டறையில் வைத்துச் சோதித்தால் குறையே இல்லை. யார்டுக்குப் போனதும் திரும்ப வற்றும்.

"இந்தத் தடவை புடிக்கலைன்னா ஆபீஸ்ல இருந்து கட்ஆஃப் போடச் சொல்லிட்டாங்க" என்றார் லோகநாதன். "வண்டி நின்னாலே ரெண்டாவது பேட்டரிய ஒரேயடியா அறுத்துவிட்டுரும். அப்புறம் எங்க ஒழுகும்?"

"அப்ப டிரைவர் விசிறி இல்லாமத் தூங்கோணுமுங்க."

"துண்டை வச்சு வீசிக்கட்டும். உங்கண்ணன் கொளந்தவேலுக்கு அது நல்ல எக்சர்சைஸ்."

குழந்தைவேல்தான் அந்த வண்டியின் டிரைவர். ஐம்பத்திரண்டு வயது, தாராபுரம் பக்கம் குண்டடத்துக்காரர். கேபின் கதவைச் சாத்திவிட்டு மெதுவாக இறங்கி வந்தார். வண்டியை விட்டு இறங்குவதற்கே ஒரு நிமிடம் எடுத்துக்கொள்ளும் மனிதர்.

"அண்ணா, டீக்கடைக்குப் போயிட்டு ஒரு மணி நேரங்கழிச்சு வாங்க" என்றாள் தவமணி.

"சரி அம்மிணி."

கசிவு பார்க்கும்போது வண்டிக்குள் ஆள் இருக்கக்கூடாது. அது எல்லாப் பட்டறையிலும் உள்ள வழக்கம். கதவு திறந்தாலோ உள்ளே யாராவது அசைந்தாலோ வண்டியின் கம்ப்யூட்டர்கள் விழித்துக்கொள்ளும். சாவியை எடுத்து, கதவுகளைப் பூட்டி, நாற்பது நிமிடம் விட்டால்தான் வண்டி உண்மையாகத் தூங்கும். தூங்குகிற வண்டி எவ்வளவு தின்கிறது என்பதுதான் கணக்கு. அதனால் டிரைவர்களை முதலில் டீக்கடைக்கு விரட்டிவிடுவார்கள். தவமணியும் இரண்டு தடவையும் அப்படித்தான் விரட்டியிருந்தாள்.

எர்த் வயரைச் சுற்றி மீட்டரை மாட்டிவிட்டுப் பக்கத்து வண்டிக்கு ஹார்ன் பார்க்கப் போனாள். நாற்பது நிமிடம் கழித்து வந்து பார்த்தபோது, குறை பிடிபடாமல் வண்டியைத் திருப்பி அனுப்பப்போகிறோம் என்ற சலிப்போடுதான் குனிந்தாள்.

மூன்றரை ஆம்பியர்.

ஒரு நிமிடம் நம்பாமல் மீட்டரைத் தட்டினாள். மூன்றரையேதான். அவளுக்குச் சந்தோஷம் பொங்கியது. ஒரு மாதமாகத் தண்ணி காட்டிய திருடன் இன்றைக்கு வீட்டுக்குள் மாட்டிக்கொண்டான் என்று நினைத்தாள். ஃபியூஸ் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். ஒன்று, இரண்டு, மூன்று. ஒவ்வொரு தடவையும் மீட்டரைப் பார்த்தாள். எண் அசையவில்லை. பத்தொன்பதாவது ஃபியூஸைப் பிடுங்கியதும் மீட்டர் பொத்தென்று பூஜ்யத்துக்கு விழுந்தது.

"மாட்டுனியா!" என்று வாய்விட்டே சொன்னாள்.

மேலே கேபின் திரை விலகியது. குழந்தைவேல் எட்டிப் பார்த்தார். முகம் தூக்கத்தில் உப்பியிருந்தது. ஒரு கை இடுப்புப் பட்டையைப் பிடித்திருந்தது.

"அம்மிணி" என்றார். "அந்த ஃபியூஸை மட்டும் திருப்பிப் போட்டுரு."

"டீக்கடைக்குப் போகலையாண்ணா நீங்க?"

"நடக்க முடியல. நீ அந்தப் பக்கம் போனதும் எங்கிட்ட இருக்கற மாத்துச் சாவியில தொறந்து ஏறிப் படுத்துட்டேன். ஃபியூஸைப் போடு சாமி."

அந்தக் குரலில் ஏதோ இருந்தது. தவமணி ஃபியூஸைப் போட்டாள். மீட்டர் மூன்றரைக்கு ஏறியது. அவர் ஒரு பெருமூச்சு விட்டார். அவளுக்கு அப்போதும் விளங்கவில்லை. அவரைப் பார்த்தாள், மீட்டரைப் பார்த்தாள், திரும்ப அவரைப் பார்த்தாள்.

"இறங்குங்க" என்றாள்.

அவர் இறங்கி நாலு எட்டு தள்ளி நின்றார். மீட்டர் இறங்கியது. "ஏறிப் படுங்க." ஏறினார். மீட்டரும் ஏறியது.

வண்டியில் குறையே இல்லை. கரண்டைக் குடித்தது அந்த ஆள்.

*

பட்டறைக்குப் பின்னால் பழைய டயர்களுக்கு நடுவே உட்கார்ந்து குழந்தைவேல் சட்டையைத் தூக்கிக் காட்டினார். இடுப்பில் இருந்தது தூக்கத்துக்குக் காவல் காக்கும் பட்டை இல்லை. அதே நிறம், அதே அகலம். ஆனால் அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் வயிற்றுத் தோலுக்குள் போயிற்று.

"நெஞ்சுக்குள்ள பம்ப்பு வச்சிருக்குது. அஞ்சு வருசமாச்சு. இந்தப் பெட்டிதான் அதுக்கு பேட்டரி."

"வீட்டுல சார்ஜ் போடறதுக்கு ஒண்ணும் தரலையா?"

"ஒரு தட்டு குடுத்தாங்க. ராத்திரி இடுப்புக்குக் கீழ வச்சுட்டுப் படுத்துக்கலாம். மாசத்துக்கு ஒருக்கா அது கம்பெனியக் கேக்கும், இந்த ஆளு நம்ம ஆளுதானான்னு. அவங்க ஆமான்னு சொன்னாத்தான் வேலை செய்யும். ரெண்டு வருசத்துக்கு முன்னால கம்பெனிய மூடிட்டாங்க. இப்பத் தட்டு கேட்டுட்டே இருக்குது. பதில் சொல்லத்தான் ஆளில்ல."

"அப்ப வண்டியில மட்டும் எப்படிங்கண்ணா ஏறுது?" என்றாள் தவமணி.

"ஆம்புலன்ஸ்ல ஏத்துனா மட்டும் கம்பெனியக் கேக்காது. ஆபத்துல கேட்டுட்டு நிக்கக்கூடாதுன்னு அப்படி வச்சிருக்காங்க. ஆம்புலன்ஸ் பலகையிலயும் இந்தச் சுருள்தான், லாரியிலயும் இந்தச் சுருள்தான். தட்டு செத்த அன்னைக்கு எனக்குத் தெரியாது. வண்டியில படுத்தேன். பெட்டி தானா நெறஞ்சுருச்சு. அன்னையில இருந்து வண்டியிலதான் படுக்கறேன். இந்த ஒரு மாசமாத்தான் பெட்டி நெறைய ரொம்ப நேரம் ஆகுது."

"ரெண்டு வருசமாவா? வீட்டுக்கே போறதில்லையா?"

"போவேன். ரெண்டு மணி நேரம், மூணு மணி நேரம். வண்டிய மெயின் ரோட்டுலதான் நிறுத்தோணும், எங்க சந்துக்குள்ள சைக்கிளே தெணறும். சாப்பிட்டுட்டு, லோடு இருக்குதுன்னு சொல்லிட்டு வந்துருவேன்." அவர் சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டார். "எங்கூட்டுக்காரி, நான் இன்னொரு குடும்பம் வச்சிருக்கேன்னு நெனச்சுட்டிருக்கறா. வச்சிருக்கேன்னே விட்டுட்டேன்."

"அக்காவுக்குப் பம்ப்பு இருக்கறதே தெரியாதா?"

"பம்ப்பு வச்சப்ப லைசென்ஸ் போயிருமேன்னு ஒருத்தருகிட்டயும் சொல்லல. கோயமுத்தூர்ல குடல் ஆபரேசன்னு சொல்லிட்டுப் போய்ப் படுத்தேன். இந்தப் பெட்டி இடுப்புவலி பெல்ட்டு. இப்பச் சொன்னா அவ வண்டிய விட்டு இறங்குன்னு சொல்லுவா. இறங்குனா நான் எத்தனை மணி நேரத்துக்கு?"

"எத்தனை மணி நேரத்துக்கு?" என்று கேட்டாள் தவமணி. அவளுடைய தொழில் அந்தக் கேள்விதான்.

"ஒம்பதுன்னு பெட்டி மேல போட்டிருக்குது."

"அது புதுசுல. அஞ்சு வருசப் பேட்டரி ஒம்பதுன்னு சொன்னா ஆறுன்னு வச்சுக்கோங்க."

பேட்டரி சொல்வதை அவள் நம்புவதில்லை. பளு ஏற்றிச் சோதித்துப் பார்த்துத்தான் நம்புவாள். சோதிப்பது என்றால் பேட்டரியைக் கடைசி வரைக்கும் வற்றவிட்டு, எத்தனை நேரம் தாங்குகிறது என்று கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். இந்தப் பெட்டியை அப்படிச் சோதிக்க முடியாது என்று அவளுக்கு அப்போது தோன்றியது.

*

அந்த வாரம் முழுக்க அவள் இருந்த வேலையை எல்லாம் விட்டுவிட்டு இதையே செய்தாள்.

முதலில் உடைத்த லாரி ஒன்றின் சீட்டிலிருந்து சுருளைக் கழற்றி வந்து, தன்னிடம் இருந்த நல்ல பேட்டரி ஒன்றோடு பலகையில் பொருத்தினாள். வீட்டில் வைத்துப் படுத்துக்கொள்ளலாம் என்பது அவள் எண்ணம். குழந்தைவேலை அதன்மேல் உட்காரவைத்தாள். மீட்டர் ஒரு நொடி துள்ளியது. அடங்கிவிட்டது. திரும்பத் துள்ளியது. அடங்கிவிட்டது. பெட்டி ஏதோ கேட்கிறது, பலகை பதில் சொல்லத் தெரியாமல் முழிக்கிறது என்று புரிந்துகொள்ள அவளுக்கு ஒரு நாள் ஆயிற்று. பதிவான வண்டியா என்று அது சேசிஸ் நம்பரைக் கேட்டது. உடைத்த வண்டியின் நம்பரைக் கொடுத்துப் பார்த்தாள். அது செத்த வண்டி என்று ஆர்டிஓ கணக்கில் இருந்தது போலும், பெட்டி ஒப்புக்கொள்ளவில்லை. ஓடுகிற வண்டியின் நம்பரைக் கொடுத்தாலும், அந்த வண்டியின் கம்ப்யூட்டரே பதில் சொன்னால்தான் ஏற்றது.

"வுடு அம்மிணி" என்றார் குழந்தைவேல். "நான் பாக்காத வேலையா? ஒரு ஆம்புலன்ஸ் டிரைவரு காலுலகூட விழுந்து பாத்தேன். தெனமும் படுக்க வந்தா எப்படிங்கண்ணா, உங்களுக்கு வாடகைக்கா விடறதுங்கறான். அவன் சொல்றதும் நாயந்தான."

அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். மூன்று இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். கடைசியில் பேசிய பெண் நல்ல மாதிரியாகத்தான் பேசினாள்.

"அந்த மாடல் இப்ப எங்க லிஸ்ட்லயே இல்லீங்கம்மா. பம்ப்பை மாத்தணும்னா நெஞ்சை மறுபடி திறக்கணும். பேஷண்டைக் கூட்டிட்டு வாங்க, மெடிக்கல் போர்டு பாத்துச் சொல்லும்."

"எத்தனை நாளாகுமுங்க?"

"போர்டு மூணு மாசத்துக்கு ஒரு தடவை கூடும்மா. அட்மிஷன் போட்டு, வரிசையில வரணும்."

"அதுவரைக்கும் ஆஸ்பத்திரியில சார்ஜ் போட்டுக்கலாமுங்களா?"

"அந்த மாடலுக்குத் தட்டு இருந்துதும்மா. அதுவும் இப்ப வேலை செய்யலை."

பேஷண்ட் பேர் என்ன, என்ன தொழில் பார்க்கிறார் என்று அந்தப் பெண் கேட்டபோது தவமணி போனை வைத்துவிட்டாள். டிரைவர் என்று சொன்னால் லைசென்ஸ் அலுவலகத்துக்குத் தானாகவே தாள் போய்விடும். அப்புறம் வண்டி ஏது?

சனிக்கிழமை லோகநாதன் கட்ஆஃபோடு வந்தார். உள்ளங்கை அளவு கறுப்புப் பெட்டி. "இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள மாட்டி, நம்பரை ஸ்கேன் பண்ணி அனுப்பிரு. இல்லைன்னா ஈரோட்டுல இருந்து ஆள் அனுப்பறேங்கறாங்க. அவன் வந்தா உன் பட்டறைக்கு இனி நம்ம யார்டு வண்டி வராது. நான் சொல்லலைன்னு அப்புறம் சொல்லாத."

அவள் மாட்டாவிட்டால் ஈரோட்டுக்காரன் மாட்டுவான். அவன் ஒழுங்காக மாட்டுவான்.

தவமணி மாட்டினாள். ஸ்கேன் செய்து அனுப்பினாள். அப்புறம் சேசிஸுக்கு அடியில் மல்லாந்து படுத்து, பதினாறு வருடத்தில் ஒரு வண்டிக்கும் செய்யாத காரியத்தைச் செய்தாள். முதல் பேட்டரியிலிருந்து ஒரு மெல்லிய வயரை எடுத்து, பழைய வயர்க் கட்டோடு கட்டாகச் சுற்றி, படுக்கிற பலகையின் சுருளுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தாள். எஞ்சினை எழுப்பும் பேட்டரியில் கை வைப்பது இந்தத் தொழிலில் பாவம் மாதிரி. ஆனால் ஆபீஸ் திரையில் எச்சரிக்கைச் சிவப்பு விழுவது இரண்டாவது பேட்டரிக்கு மட்டும்தான்.

"நல்லாக் கேட்டுக்கோங்கண்ணா" என்றாள். "இது வத்திருச்சுன்னா வண்டி ஸ்டார்ட் ஆகாது. ஸ்டார்ட் ஆகலைன்னா திரும்ப நெறையாது. அப்ப நீங்களும் இல்ல, வண்டியும் இல்ல. நின்னுட்டிருக்கறப்ப நாலு மணி நேரத்துக்கு ஒருக்கா எந்திரிச்சு எஞ்சினைக் காமணி நேரம் ஓட்டோணும். தூக்கத்துலயும்."

"கைக்கொழந்தைக்குப் பால் குடுக்கற மாதிரி" என்றார் அவர்.

"அதே மாதிரிதான்."

"எங்கூட்டுக்காரி ரெண்டு புள்ளைக்குக் குடுத்தா. நான் குறட்டை விட்டுட்டுக் கெடந்தேன். இப்ப எனக்கு வந்து வாச்சிருக்குது." சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே மூச்சிரைப்பாக மாறிற்று.

*

இருபது நாள் ஓடிற்று. தவமணியிடம் லாரிக் கம்பெனி கொடுத்த டேப்லெட் ஒன்று இருந்தது. யார்டு வண்டிகள் நிற்கிற இடமும் பேட்டரிக் கணக்கும் அதில் வரும். காலையில் வந்ததும் பட்டறையைக் கூட்டுவதற்கு முன்னால் 7621ஐப் பார்ப்பாள். முதல் பேட்டரியில் மூன்றரை ஆம்பியர் இறங்கிக்கொண்டிருக்கும். இத்தனை காலம் எந்தக் கசிவைக் கண்டால் கையைப் பிசைந்தாளோ, அந்தக் கசிவைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு டீ இறங்கிற்று.

இருபத்தோராம் நாள் லோகநாதன் போன் செய்தார்.

"ஏம்மா, 7621 நிக்கற எடத்துல எல்லாம் நாலு மணி நேரத்துக்கொருக்கா ஸ்டார்ட் ஆகுதாம். ஆபீஸ்ல டீசல் திருடறான்ங்கறாங்க. திங்கக்கிழமை இன்ஸ்பெக்ஷன். வண்டிய அக்கக்கா கழட்டப் போறாங்க. உனக்கு ஏதாச்சும் தெரியுமா?"

"தெரியாதுங்க சார்."

"தெரியாதுன்னா நல்லது. நானும் உன்னையக் கேக்கலை. அந்தாளு மூஞ்சி எனக்குச் சரியாப் படல தவமணி. குடிக்கறானா?"

"இல்லீங்க சார். அவரு டீ கூடக் குடிக்கறதில்ல."

அன்று வெள்ளிக்கிழமை. குழந்தைவேலை வரச்சொன்னாள். திங்கட்கிழமைக்குள் வயரைக் கழற்றியாக வேண்டும். கழற்றாவிட்டால் அவர்கள் கழற்றுவார்கள். இரண்டும் ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கழற்றலாம் என்று முடிவாயிற்று. அதற்குமேல் என்ன என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

அப்போதுதான் தவமணி அதைச் சொன்னாள்.

"அண்ணா, மொதல்ல வீட்டுக்குப் போங்க. அக்காகிட்ட எல்லாத்தையும் சொல்லிருங்க. ஒத்தை ஆளா எத்தனை நாளைக்கு இதைச் சொமப்பீங்க? ரெண்டு பேருமாச் சேந்து ஆஸ்பத்திரி வாசல்ல போய் உக்காருங்க. போர்டாவது கீர்டாவது, ஒரு பொம்பளை வாசல்ல உக்காந்து அழுதா எவனாச்சும் ஒருத்தன் எந்திரிச்சு வருவான்."

"போய்ச் சொன்னா அவ அழுவா அம்மிணி."

"அழுவட்டும். நீங்க இல்லாமப் போய்த்தான் அழுவோணுமா?"

அவர் யோசித்தார். "ஞாயித்துக்கெழமை காத்தால போறேன். எத்தனை மணி நேரம் இருக்கலாம்?"

தவமணி அந்தப் பெட்டியைப் பார்த்தாள். "அஞ்சு மணி நேரம் இருங்க. ஆறு மணி நேரத்துக்குள்ள வண்டிக்கு வந்துருங்க."

"அஞ்சு மணி நேரம்" என்றார். ஒரு ஊர்த் திருவிழாவைச் சொல்வது மாதிரி சொன்னார்.

*

ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு விடுமுறை. ஆனாலும் தவமணி வந்து கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். எட்டே முக்காலுக்கு 7621 குண்டடம் மெயின் ரோட்டில் நின்றது. முதல் பேட்டரியிலிருந்து இறங்குவது: பூஜ்யம். ஆள் இறங்கிவிட்டார். வீட்டுக்கு நடந்துகொண்டிருப்பார். அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஒரு பழைய டைனமோவை எடுத்து வைத்துக்கொண்டு கழற்ற ஆரம்பித்தாள்.

பன்னிரண்டுக்குப் பூஜ்யம். நன்றாகப் பேசிக்கொண்டிருக்கட்டும்.

ஒன்றே முக்காலுக்குப் பூஜ்யம். கிளம்பியிருப்பார்.

இரண்டே காலுக்கும் பூஜ்யமாக இருந்தபோது டைனமோவைக் கீழே வைத்தாள். போன் செய்தாள். மணி அடித்து நின்றது. திரும்பச் செய்தாள். ஐந்தாவது தடவை அவள் எண்ணை அழுத்துவதற்குள் அந்த எண்ணிலிருந்தே அழைப்பு வந்தது.

"அண்ணா!"

"அண்ணனா?" என்றது ஒரு பெண் குரல், தாழ்ந்து. "யாருங்க நீங்க? காத்தால இருந்து மனுசன் இப்பத்தான் கண்ண மூடியிருக்காரு, அதுக்குள்ள நாலு தடவை. செல்லுல பாத்தா தெனமும் உங்க பேருதான் இருக்குது. தவமணின்னு."

"அக்கா, நான் எலக்ட்ரீஷியனுங்க. நாமக்கல்லு. வண்டிக்கு வயரிங் பாக்கறவ."

"பொம்பளையா? வயரிங்கா?"

"ஆமாங்கக்கா. அவரு எங்கீங்க?"

"நானும் இத்தனை நாளா எந்த ஊருக்காரின்னு தெரிஞ்சுக்கத்தான் பாத்தேன்" என்றாள் குழந்தைவேலின் மனைவி சாந்தாமணி. "இன்னைக்கு அவரு மொகத்தப் பாத்தா ஒண்ணுங் கேக்கத் தோணல. நீங்க யாரா இருந்தாலுஞ் செரி. மனுசன் ரெண்டு வருசத்துக்கப்புறம் ஊட்டுல வந்து படுத்திருக்காரு. போதும் எனக்கு."

"அக்கா, அவரை எழுப்புங்க."

"எழுப்பறதா? கூரையப் பாத்துப் படுத்து எத்தனை நாளாச்சுன்னு சொல்லிட்டே சாஞ்சவருங்க. உங்கிட்ட ஒண்ணு பேசோணும் சாந்தா, அஞ்சு மணி நேரம் இருக்குதுன்னாரு. செரி குளிச்சுட்டு வாங்கன்னேன். குளிச்சாரு. பாயில உக்காந்தாரு. எங்கையப் புடிச்சுட்டு எம்மொகத்தையே பாத்தாரு. பேசுங்கன்னேன். இரு, கொஞ்ச நேரம் கண்ண மூடிக்கறேன்னாரு. அவ்வளவுதான். இப்படித் தூங்கி நான் பாத்ததே இல்லீங்க."

"உங்ககிட்ட ஒண்ணுஞ் சொல்லலையா?"

"என்ன சொல்லோணும்?"

இதை எங்கே ஆரம்பித்து எப்படிச் சொல்வது? "அக்கா, அவரு இடுப்புல ஒரு பெல்ட்டு இருக்குது பாருங்க. அதுல வெளக்கு எரியுதா?"

"இடுப்புவலி பெல்ட்டுங்களா? வெளக்கு ஒண்ணுங் காணோம். சோறு வடிக்கறப்ப அதுக்குள்ள என்னமோ கீ கீன்னு கத்துச்சுங்க. செல்லோன்னு பாத்தேன், பெல்ட்டுதான். தூக்கம் கெட்டுருமேன்னு ஓடிப்போயி அதுல இருந்த பொத்தானை அமுத்துனேன். நின்னுருச்சு. மறுபடி கத்துச்சு. அமுத்திப் புடிச்சுட்டே இருந்தேன். அப்புறம் கத்தல."

"எப்பங்க அது?"

"மணி ஒண்ணு இருக்குமுங்க."

எட்டே முக்காலிலிருந்து ஒன்று வரைக்கும் தவமணியின் மனசு தானாகவே கணக்குப் போட்டது. நாலேகால் மணி நேரம். ஆறு இல்லை. ஐந்துகூட இல்லை. இப்போது மணி இரண்டு இருபத்தைந்து.

"அக்கா, ஆளுங்களைக் கூப்புடுங்க. பக்கத்துல யாரு இருந்தாலுஞ் செரி. அவரை அப்படியே தூக்கிட்டுப் போயி வண்டியில படுக்கற பலகையில போடுங்க. அதுல போட்டாப் போதும். ஓடுங்கக்கா."

"வண்டிக்கா?" சாந்தாமணியின் குரலில் முதலில் வந்தது கோபம்தான். "இப்பத்தானுங்க வந்தாரு. மறுபடி வண்டிக்கே அனுப்பறீங்களே, உங்களுக்கெல்லாம் மனசே இல்லையா?"

"அக்கா, உங்க காலுல விழறேன். எழுப்புங்க. தொட்டு எழுப்புங்க."

மெயின் ரோட்டில் வண்டி நின்றது. முதல் பேட்டரி நிறைந்திருந்தது. வயர் சரியாக இருந்தது. அவள் கட்டிய ஒவ்வொரு முடிச்சும் சரியாக இருந்தது. நூறு கிலோமீட்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, டேப்லெட்டில் அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாந்தாமணி போனை வைக்கவில்லை. எங்கேயோ தரையில் வைத்துவிட்டுப் போனாள். கால் சத்தம் கேட்டது. பாய் சரசரத்தது.

"ஏனுங்க" என்றாள், மெதுவாக. எழுப்ப மனசில்லாமல் எழுப்புகிற குரல். "ஏனுங்க. வண்டிக்காரங்க கூப்படறாங்க பாருங்க."

தெருவில் ஒரு பைக் போன சத்தம் வந்தது.

"ஏனுங்க… ஏனுங்க, இங்க பாருங்க. ஏனுங்க!"

தவமணி இரண்டு கையாலும் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு எழுந்து நின்றாள்.

இருபத்தெட்டு வருடம் குடும்பம் நடத்திய அந்தப் பெண், ஊர்வழக்கப்படி ஒருநாளும் வாயில் எடுக்காத தன் புருஷன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். குழந்தைவேலு என்றாள். அப்புறம் தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி, இன்னொரு தடவை.